விடைக்கோழிக்கு இடம் காட்டுவது

போன தை மாதம், முதல் முட்டைக்கு வரப்போகிற எங்கள் வீட்டு விடைக்கோழி ஒன்று பதினைந்து நாளாக எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது. கொண்டை சிவந்தாயிற்று, காலையில் கொக்கரிப்பும் கேட்கிறது, முட்டை மட்டும் எங்கேயும் கண்ணில் படவில்லை. மாட்டுக்கு ராகித்தாள் உருவப் போன என் மாமியார்தான் கண்டுபிடித்தார். "இங்க வந்து பாரும்மா, உன் கோழி தனிக்குடித்தனம் போயிருக்குது" என்றார். ராகித்தாள் போருக்குள் ஏழு முட்டை. அதில் இரண்டைக் கீரி குடித்துவிட்டு வெறும் ஓட்டை விட்டிருந்தது.

தப்பு என்னுடையதுதான். அது இடம் தேடி அலைந்த வாரத்தில் நான் இடம் வைக்காமல் விட்டுவிட்டேன். முதல் இரண்டு மூன்று முட்டையை எங்கே வைக்கிறதோ அதையே தன் இடம் என்று கோழி பிடித்துக்கொள்ளும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே முட்டைக்கு முன்னால் கூடை தயாராக இருக்க வேண்டும்.

எப்போது என்று தெரிந்துகொள்ள நாள்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். நம் நாட்டுக்கோழிக்கு ஆறு மாதமாவது ஆகும், பெருவிடை என்கிற பெரிய நாட்டுக்கோழிக்கு இன்னும் தள்ளிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் பருவத்துக்கு வருவது தை வரைக்கும் இழுப்பதும் உண்டு, பகல் குறுகிவிடுகிறது அல்லவா. கோழியைப் பார்த்தாலே தெரியும். வெளுத்திருந்த கொண்டையும் தாடியும் சிவந்து தடிக்கும். சேவல் கிட்டே வந்தால் ஓடாது. முதுகில் கை வைத்தால் இறக்கையை லேசாக விரித்துத் தரையோடு பதுங்கும். மூலைமுடுக்கெல்லாம் எட்டிப் பார்த்து ஒரு மாதிரி முனகிக்கொண்டே திரியும்.

இன்னும் சந்தேகமா, ராத்திரி அடைந்த பிறகு மெதுவாகத் தூக்கிப் பின்புறம் தடவிப் பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு முனை தட்டுப்படும். நடுவில் ஒரு விரல்கூட நுழையாவிட்டால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் இன்றோ நாளையோ. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் கோழி வாங்கும்போதும் இதைத்தான் செய்கிறேன். ஒருமுறை வேறொரு ஊரில் "அடுத்த வாரம் முட்டை வைக்கும்" என்று ஒரு வியாபாரி சத்தியம் செய்து கொடுத்த கோழிக்கு நான் மூன்று மாதம் தீனி போட்டேன்.

சரி, கூடை. பாலக்கோடு பக்கம் உடைந்த தக்காளிக் கிரேட் கிடைக்காத வீடு இல்லை. அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயின் பாதியை மறைக்கிற மாதிரி ஒரு கோணிச்சாக்கைத் தொங்க விட்டால் போதும். கோழிக்கு வேண்டியது இருட்டும் தனிமையும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் செங்கல் அடுக்கி வையுங்கள். ஆனால் கோழி அடைகிற கட்டையைவிட உயரமாக இருந்தால் அதிலேயே ஏறித் தூங்கி, எச்சமிட்டு நாறடித்துவிடும். உள்ளே கொஞ்சம் வேப்பிலை போட்டு அதன்மேல் காய்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். வேப்பிலை இருந்தால் பேன் அண்டாது என்பது மாமியார் கணக்கு. நாலு கோழிக்கு ஒரு கிரேட் போதும், எப்படியும் எல்லாம் ஒன்றிலேயே வரிசையில் நிற்கும். உள்ளே ஒரு பழைய முட்டையை வையுங்கள், கரியால் கோடு போட்டு. யாரோ ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள், பயமில்லாத இடம் என்று விடைக்கோழி நினைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள், கூமுட்டை வெடித்தால் அந்த நாற்றம் மூன்று நாளைக்குப் போகாது.

தீனியில் எல்லோரும் ஒரு இடத்தில் சறுக்குகிறோம். ராகியில் சுண்ணாம்புச்சத்து அதிகம், எங்கள் கோழி ராகிதான் தின்கிறது, அப்புறம் ஏன் ஓடில்லாத தோல்முட்டை வைக்கிறது என்று நானும் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டால் புரியும். 100 கிராம் ராகியில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம். சிறிய நாட்டுமுட்டை ஒன்றின் ஓட்டுக்கே ஒன்றரை கிராம் வேண்டும். ஒரு கோழி ஒரு நாளில் அவ்வளவு ராகியைத் தின்று தீர்க்கவே முடியாது. பற்றாததைத் தன் எலும்பிலிருந்து எடுக்கும். அதனால் முதல் முட்டை பார்த்த நாளிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியில் இடித்த கிளிஞ்சலைத் தனியாக வையுங்கள். தீனியில் கலக்க வேண்டாம், வேண்டியது வேண்டிய அளவு தின்னும். ஓடு உருவாவது பெரும்பாலும் ராத்திரியில், அதனால் சாயங்காலம்தான் அதிகம் கொத்தும். வீட்டு முட்டை ஓட்டையும் போடலாம், ஆனால் வறுத்துத் தூளாக்கிப் போடுங்கள். முழு ஓட்டின் ருசி கண்ட கோழி நாளைக்குத் தன் முட்டையையே கொத்தும். பருவத்துக்கு வராத குஞ்சுகளுக்குச் சுண்ணாம்பு கூடிய முட்டைக்கோழித் தீவனம் ஆகாது, சிறுநீரகம் கெடும். கடலைப் பிண்ணாக்கு, கம்பு, முருங்கைக்கீரை எல்லாம் வழக்கம்போல.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, குடற்புழு மருந்து இரண்டையும் முட்டைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் முடித்துவிடுங்கள்.

முதல் முட்டை நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்தால் கவலைப்படாதீர்கள். ஓட்டில் ரத்தக் கோடு, இரண்டு கரு, கருவே இல்லாத வெள்ளை, தோல்முட்டை, எல்லாம் முதல் மாதத்தில் வரும், தானே சரியாகும். தினமும் வைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது, அதனால் நேரம் தினமும் தள்ளிப்போய் நடுவில் ஒரு நாள் விட்டுவிடும்.

ராகிப்போர்க் கோழியை நான் திருப்பியது இப்படித்தான்: காலையில் திறந்துவிடாமல் கிரேட்டோடு சேர்த்துக் கொடாப்புக் கூண்டில் அடைத்து, தண்ணீரும் தீனியும் உள்ளேயே வைத்து, பதினோரு மணிக்கு மேல் விட்டேன். நாலாவது நாள் கிரேட்டில் முட்டை. போர் பக்கம் இருந்த பொந்தைக் கல் வைத்து அடைத்தாயிற்று. ஆனாலும் தினமும் ஒருமுறை போய்க் கல்லைக் கால் பெருவிரலால் இடறிப் பார்க்கிறது, அந்தத் திருட்டுக்கோழி.