தனியார் பார்க்கிங் டிக்கெட்டுக்குக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால்: வழக்கைக் கோட்டைவிட வைக்கும் தவறுகள்

சூப்பர்மார்க்கெட் வாசலில் இருபது நிமிடம் கூடுதலாக நின்ற காருக்கு 100 பவுண்ட் கேட்டு ஒரு கடிதம் வருகிறது. ஓராண்டு கழித்து அதுவே கோர்ட் கோரிக்கையாகத் திரும்பி வரும்போது தொகை 260 பவுண்டைத் தாண்டியிருக்கும். டிக்கெட் 100, ‘வசூல் செலவு’ 70, கோர்ட் கட்டணம் 35, வக்கீல் செலவு 50, மேலே 8 சதவீத வட்டி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் கடிதத்தைப் பெறுகிறவர்கள் சட்டம் தெரியாததால் தோற்பதைவிட, தேதியைத் தவறவிட்டும் தேவையில்லாததை எழுதியும் தோற்பதே வழக்கமான கதை.

எதைக் கிழித்துப் போடலாம், எதைக் கூடாது

கவுன்சில் போடுவது சட்டப்படியான அபராதம். தனியார் நிறுவனம் அனுப்புவது ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி அனுப்பும் பில். கவுன்சிலின் பெனால்டி சார்ஜ் நோட்டீஸ், தனியாரின் பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ் இரண்டையும் பிசிஎன் என்றே சுருக்கிச் சொல்வதால் குழப்பம். சிவப்பு எழுத்தில் மிரட்டும் கடன் வசூல் நிறுவனங்களுக்கு வீட்டுக் கதவைத் தட்டிப் பொருளைத் தூக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது. அவர்களுக்குப் போன் போட்டு வாதாட வேண்டாம். பேச்சுவாக்கில் ‘நான்தான் நிறுத்தினேன்’ என்று வாயிலிருந்து வந்துவிட்டால் அதுவே பிறகு ஆதாரமாகும்.

ஆனால் ‘வழக்குத் தொடரும் முன் கடிதம்’ என்ற தலைப்போடு, 30 நாள் அவகாசமும் பதில் படிவமும் வைத்து வருவது வேறு ரகம். அதற்குப் பதில் எழுத வேண்டும். கையோடு, நிறுவனத்திடம் உங்கள் தகவல்கள் எல்லாவற்றின் நகலையும் கேட்டு விடுங்கள்: படங்கள், கேமரா நேரங்கள், அனுப்பிய கடிதங்கள். இது இலவசம், ஒரு மாதத்துக்குள் தந்தாக வேண்டும்.

‘எல்லாத்தையும் குப்பையில போடு, ஒண்ணும் ஆகாது’ என்ற அறிவுரை 2012 அக்டோபருக்கு முந்தைய காலத்தது. அன்று காரை ஓட்டியது யாரென்று தெரியாமல் நிறுவனம் திண்டாடியது. அந்த மாதம் நடைமுறைக்கு வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை, சில நிபந்தனைகளோடு, காரின் பதிவுபெற்ற கீப்பரிடமே (காரை வைத்திருப்பவராகப் பதிவில் உள்ளவர்) பணம் கேட்க வழி திறந்தது.

தேதிக் கணக்கு

கோரிக்கைப் படிவத்தின் மேல் மூலையில் வெளியீட்டு நாள் இருக்கும். தபால்காரர் கொடுத்த நாளை மறந்துவிட்டு இதிலிருந்து எண்ணுங்கள். மே 1 என்றால், ஐந்தாம் நாளான மே 6-இல் உங்களுக்குச் சேர்ந்ததாகச் சட்டம் கருதும். அதிலிருந்து 14 நாள், மே 20-க்குள், அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் சர்வீஸை, அதாவது கோரிக்கை கிடைத்தது என்ற ஒப்புகையை, பதிவு செய்ய வேண்டும். செய்தால் எதிருரைக்கு (கோரிக்கையை ஏன் எதிர்க்கிறீர்கள் என்ற எழுத்துப் பதில்) ஜூன் 3 வரை நேரம். செய்யாவிட்டால் மே 20-தான் அதற்கும் கெடு. கடைசி நாளில் மாலை 4 மணி தாண்டினால் கணக்கில் வராது.

அந்தப் பதிவை ஆன்லைனில் செய்யும்போது இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, ‘முழுக் கோரிக்கையையும் எதிர்க்கிறேன்’ என்பதோடு நிறுத்தாமல், நீதிமன்ற அதிகார வரம்பை மறுக்கும் பெட்டியிலும் டிக் போடுவது. அது வேறொரு நடைமுறை, உங்களுக்கு வேண்டாதது. இரண்டு, எதிருரைப் பெட்டியைத் திறந்து ‘பிறகு எழுதுகிறேன்’ என்று இரண்டு வரி தட்டி அனுப்பிவிடுவது. அந்த இரண்டு வரியே உங்கள் எதிருரையாகிவிடும், அதை மாற்ற அனுமதி கேட்டு அலைய வேண்டும். பெட்டியில் வரிக் கட்டுப்பாடும் உண்டு, பத்தி எண்களும் சிதறும். தனியாக எழுதி, கையொப்பமிட்டு, பிடிஎஃப் ஆக வழக்கு எண்ணோடு மின்னஞ்சலில் அனுப்புவதே நல்லது. வரும் தானியங்கிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பழைய முகவரி

வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவிடம் நிறுவனம் வாங்கும் முகவரி உங்கள் வி5சி தாளில், அதாவது காரின் பதிவுத் தாளில் உள்ளது. வீடு மாறி அதை மாற்றாமல் விட்டால், கோரிக்கை பழைய வீட்டு வாசலில் கிடக்கும். எதிர்ப்பு இல்லாமல் தீர்ப்பு விழும். சிசிஜே எனப்படும் அந்தக் கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு பதிவேட்டில் ஆறு ஆண்டு நிற்கும். வீட்டுக்கடன் கேட்கப் போகும் நாளில்தான் பலருக்கு இது தெரிய வருகிறது. ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கே 300 பவுண்டுக்கு மேல் ஆகும், அதாவது டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு. தெரிய வந்த நாளே மனுப் போடுங்கள். தாமதத்தை நீதிபதி கேட்பார். டிவிஎல்ஏவிடம் முகவரி மாற்றினாலும், ஏற்கெனவே டிக்கெட் இருந்தால் நிறுவனத்துக்கும் புது முகவரியைத் தனியாக எழுதுங்கள். அவர்களாக மறுபடி பார்ப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

செத்துப்போன வாதங்கள், உயிருள்ள வாதங்கள்

‘அவர்களுக்கு என்ன நஷ்டம்? ஐம்பது பென்ஸ்கூட இல்லையே’ என்று எழுதாதீர்கள். 2015 நவம்பரில் பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. செல்ம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச இடத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண்ட் செல்லும் என்பது தீர்ப்பு. ஆனால் அந்த அறிவிப்புப் பலகைகள் பெரியவை, தெளிவானவை, கட்டணம் கண்ணில் அறைவதுபோல் எழுதப்பட்டவை. உங்கள் இடத்துப் பலகை பத்தடி உயரத்தில் பொடி எழுத்தில், இருட்டில் இருந்ததா? அப்படியானால் அதே தீர்ப்பு உங்கள் பக்கம் பேசும்.

கீப்பர், ஓட்டுநர் விஷயம்தான் ஆழமானது. ஓட்டியவர் யாரென்று நிறுவனத்துக்குத் தெரியாவிட்டால், அட்டவணையின் நிபந்தனைகளை அது பிசகாமல் நிறைவேற்றியிருந்தால் மட்டுமே கீப்பர் பொறுப்பு. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாமல் கேமரா வழியே வந்த வழக்கு என்றால், கடிதம் நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் உங்கள் கையில் சேர வேண்டும். மார்ச் 10-இல் நிறுத்திய காருக்கு 24-தான் எல்லை. அஞ்சல் இரண்டு வேலை நாளில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும், ஆகவே வெள்ளிக்கிழமை அஞ்சலிட்டது செவ்வாய்க்கிழமைதான் சேர்ந்த கணக்கு. மார்ச் 24 தேதியிட்டே ஒரு கடிதம் கிளம்பியிருந்தால் அது பிந்திவிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு: கீப்பருக்கான கடிதம் 29-ஆம் நாளிலிருந்து 56-ஆம் நாளுக்குள் வர வேண்டும். சொந்தத் துணைவிதிகள் உள்ள விமான நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு இந்தக் கீப்பர் பொறுப்பே பொருந்தாது.

முதல் மேல்முறையீட்டிலேயே ‘நான் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பினேன்’ என்று எழுதுகிறவர்கள் இந்த வாதத்தைத் தாங்களே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘கீப்பர் என்ற முறையில் எழுதுகிறேன், காரை ஓட்டியவர்…’ என்று எழுதினால் போதும். அதற்காகப் பொய் சொல்லக் கூடாது. எதிருரையின் அடியில் உண்மை உறுதிமொழி இருக்கிறது. ஓட்டியது நீங்கள் என்றால் ‘ஓட்டவில்லை’ என்று அதில் எழுதுவது நீதிமன்ற அவமதிப்பில் போய் முடியலாம். ஓட்டுநராக ஒப்புக்கொண்டு பலகையை வைத்தே வாதாடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அந்த 70 பவுண்ட் ‘வசூல் செலவு’. அட்டவணையின்படி, கீப்பரிடம் கேட்கக்கூடிய உச்சத் தொகை கீப்பருக்கு வந்த முதல் அறிவிப்பில் குறித்த தொகை. தனிப் பத்தி போட்டு இதை மறுங்கள். மற்றதில் தோற்றாலும் இதில் மிச்சம் பிடிக்க வாய்ப்பு உண்டு.

கோரிக்கையில் ‘விதிமுறையை மீறினார்’ என்று மட்டும் இருந்து, எந்த விதி, எப்படி மீறப்பட்டது என்று சொல்லாவிட்டால் அதையும் சுட்டிக்காட்டுங்கள். 2023-இல் லூட்டன் கவுண்டி நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு நீதிபதி இப்படிப்பட்ட கோரிக்கையைத் தள்ளுபடி செய்திருக்கிறார். கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு மற்ற நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம்.

அடுக்குமாடியில் சொந்த இடத்தில் டிக்கெட் வாங்கியவர்கள் முதலில் லீஸை (வீட்டின் குத்தகைப் பத்திரம்) புரட்ட வேண்டும். பெர்மிட் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் நிறுத்தும் உரிமை அதில் இருந்தால், நிர்வாக நிறுவனம் பிறகு கொண்டுவந்த திட்டம் அதை வெட்ட முடியாது என்பது வலுவான வாதம்.

எதிருரை வேறு, வாக்குமூலம் வேறு

எதிருரையில் எதை மறுக்கிறீர்கள், ஏன் என்பது மட்டும். கதையும் படங்களும் பிறகு வரும் சாட்சி வாக்குமூலத்துக்கு. ஆனால் எதிருரையில் தொடாத வாதத்தை வாக்குமூலத்தில் புதிதாக நுழைக்க முயன்றால் நீதிபதி முகம் சுளிப்பார். தலைப்பு அங்கே, விவரம் இங்கே.

படங்களை இன்றே எடுங்கள். ஓராண்டில் பலகை மாறிவிடும். கார் நின்ற அதே நேரத்தில், இரவென்றால் இரவில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து என்ன தெரிகிறது என்று எடுங்கள்; பலகைக்கு அருகே போய் எடுக்கும் படம் நிறுவனத்துக்குத்தான் உதவும். ஒரே நாளில் இரண்டு முறை வந்து போனதை கேமரா ஒரே நீண்ட நிறுத்தமாகக் கோத்திருந்தால், இடையில் வேறிடத்தில் கார்டு தேய்த்த வங்கிப் பதிவு ஒன்று போதும். வாக்குமூலத்தைக் கோர்ட் உத்தரவில் உள்ள தேதிக்குள், பக்க எண் போட்டு, கோர்ட்டுக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்ப வேண்டும். ஒருவருக்கு மட்டும் அனுப்பி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல்: கார் அப்பா பெயரில், கடிதங்களை எழுதுவது மகள். ஆங்கிலத்தில் அழகாக எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்ட அப்பாவிடம் அதில் என்ன இருக்கிறது என்று நீதிபதி கேட்டால்? அவர் சொன்னதையே அவர் சொற்களில் எழுதி, படித்துக் காட்டி, பிறகு கையெழுத்து வாங்குங்கள். சிறு கோரிக்கை விசாரணையில் மகளே அப்பாவுக்காகப் பேசலாம், ஆனால் அப்பா அங்கே வந்திருக்க வேண்டும்.

கடைசிக் கட்டம்

எதிருரைக்குப் பிறகு கோர்ட் கேட்கும் என்180 என்ற கேள்விப் படிவத்தை நிரப்பாமல் விடாதீர்கள். 2024 மே முதல் சிறு கோரிக்கைகளில் ஒரு மணி நேர இலவசத் தொலைபேசி சமரசம் கட்டாயம். கலந்துகொள்வதுதான் கட்டாயம், ஒப்புக்கொள்வது இல்லை. ‘சும்மா ஒத்துக்கோங்க’ என்ற தொனியில் மயங்க வேண்டாம்.

விசாரணைக் கட்டணத்தை நிறுவனம்தான் கட்ட வேண்டும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் கோரிக்கை தள்ளுபடி. சரியாக அந்த நேரத்தில் வழக்கைக் கைவிடுகிறவர்களும் உண்டு. அதை நம்பி வாக்குமூலத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விசாரணை நாளில் வேலை போன கணக்கில் 95 பவுண்ட் வரை, பயணச் செலவோடு, வென்றால் கேட்கலாம். சம்பளச் சீட்டு கையில் இருக்கட்டும். நீதிபதியை ‘ஜட்ஜ்’ என்று அழைத்தால் போதும். தோற்றுவிட்டால், தீர்ப்புத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டி ரசீதைக் கோர்ட்டுக்குக் காட்டினால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும்.