உப்பளத்து நீரில் புதிய பாக்டீரியா இனத்தை உறுதிசெய்வது எப்படி?

தூத்துக்குடி உப்பளப் பாத்தி நீரை நீர்க்க, அதே அளவு உப்புள்ள, கிருமிநீக்கிய நீரையே எடுங்கள். வெறும் நீர் பட்டால் கடும் உப்பில் வாழும் செல்கள் பல வெடித்துவிடும். 10, 20 சதவீத உப்புள்ள அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) தட்டுகளில் பரப்பி, 37 டிகிரியில் 2 முதல் 4 வாரம் வையுங்கள். தட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டாவிட்டால் அகார் காய்ந்து உப்புப் படிகம் பூக்கும்; பார்வைக்குக் காலனி, அதாவது செல்கள் பெருகி உண்டான திட்டு, போலவே இருக்கும்.

சிவப்புக் காலனி என்றால் பெரும்பாலும் ஆர்க்கியாதான்; அது பாக்டீரியா அல்லாத வேறொரு நுண்ணுயிர்க் குழு. ஆனால் சாலினிபாக்டர் ரூபர் என்ற பாக்டீரியாவும் சிவப்பே. ஆகவே நிறத்தை நம்பாமல் நுண்ணுயிர்களை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவைப் படியுங்கள். டிஎன்ஏவில் உப்பு தங்கினால், அந்த மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் கெடும். 70 சதவீத எத்தனாலில் இருமுறை கழுவுங்கள்.

தெரிந்த இனங்களின் 16எஸ் மரபணுவோடு ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே வந்தால் புது இனமாக இருக்க நல்ல வாய்ப்பு. கூடுதலாக வந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். முழு மரபணுத்தொகுதியை நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டு, சராசரி நியூக்ளியோடைடு (டிஎன்ஏ எழுத்து) ஒற்றுமை 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதுவே வலுவான சான்று.

பெயர் செல்லுபடியாக, இரு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்களில் வளர்ப்பை ஒப்படைக்க வேண்டும். வளர்ப்பை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், தேசியப் பல்லுயிர் ஆணைய நடைமுறையை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.