நோசாவா ஒன்சென்: ஊர்க்காரர்களின் வெந்நீர்க் குளியல் வீட்டில் குளிப்பது எப்படி

ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் உள்ள மலைக் கிராமம் நோசாவா ஒன்சென். 13 பொதுக் குளியல் வீடுகள் இங்கே உண்டு, 'சோதோயு' என்பார்கள். பெரும்பாலும் மரக் கட்டடங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, காவலாளும் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டார் சேர்ந்த 'யுநகாமா' என்ற குழு முறைவைத்துத் தேய்த்துக் கழுவிப் பராமரிக்கிறது. எடோ காலத்திலிருந்தே (1603–1868) இந்த ஏற்பாடு நடந்துவருகிறது. அன்றாடம் அவர்கள் குளிக்கிற இடத்துக்கு நாம் விருந்தாளியாகப் போகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

ஹொகுரிகு ஷின்கான்சென் ரயிலில் ஈயாமா நிலையத்தில் இறங்கினால் ஊருக்குப் பேருந்து உண்டு. அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

கையில் வேண்டியவை: ஒரு சிறிய துண்டு, துவட்ட ஒரு பெரிய துண்டு, உண்டியலில் போட 100 யென் நாணயம் இரண்டு மூன்று. பெட்டகம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். துணி வைக்கத் திறந்த மரத்தட்டுதான். பாஸ்போர்ட்டும் பணமும் அறையிலேயே இருக்கட்டும். வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இது கந்தக நீர். வெள்ளி சில நிமிடங்களிலேயே கறுக்கத் தொடங்கும். தலைக்கோ உடம்புக்கோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகவே கூடாது. ஒருவர் எண்ணெய் போதும், தொட்டி முழுக்கப் படலம் மிதக்கும்.

ஆண், பெண் வாசல்கள் தனித்தனி. ஆணைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தின் மேல்பாதியில் நான்கு கட்டம் போட்ட சதுரம் இருக்கும். பெண்ணுக்கானது ஒன்றையொன்று வெட்டும் மூன்றே கோடு. செருப்பை வாசலில் விட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் உடை மாற்றும் இடமும் தொட்டியும் ஒரே அறைதான், நடுவே சுவர் கிடையாது. ஆடை முழுவதையும் களைந்துதான் குளிக்க வேண்டும். நீச்சல் உடைக்கும் உள்ளாடைக்கும் இடமில்லை. முதல் இரண்டு நிமிடம் கூச்சமாக இருக்கும். யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை.

இனி முக்கியமான விஷயம், சூடு. இங்குள்ள ஊற்றுகளில் சில 90 டிகிரியைத் தொடும். தொட்டிக்கு வரும்போது ஆறியிருந்தாலும் 44, 45 டிகிரி இங்கே சாதாரணம். வீட்டில் வெந்நீர் விளாவிக் குளித்த பழக்கத்தை நம்பி நேரே காலை வைத்தால் அலறிக்கொண்டு வெளியே வருவீர்கள். தொட்டி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, வாளியால் மொண்டு முதலில் பாதத்தில் ஊற்றுங்கள். பிறகு முழங்கால், இடுப்பு, கை, தோள், கடைசியில் பிடரி. பத்துத் தடவையாவது ஊற்ற வேண்டும். ஜப்பானியர் இதைக் 'ககேயு' என்பார்கள். அழுக்கும் வியர்வையும் போவது ஒரு பக்கம். தோலில் இரத்தக் குழாய்கள் மெல்ல விரிய இது நேரம் கொடுக்கிறது. இந்தப் படியைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் தலைசுற்றி உட்காருகிறார்கள். பனிச்சறுக்கு முடித்து விறைத்த கைகாலோடு வருபவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும்.

அப்படியும் தாங்கவில்லையா? குளிர்நீர்க் குழாய் இருக்கும். உள்ளே ஆள் இருந்தால் கேட்டுவிட்டுத் திறங்கள். குழாயைக் கைகாட்டிப் புருவம் உயர்த்தினாலே புரியும். குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் இதமாக்கிக்கொண்டு அங்கேயே உட்காருங்கள், எழும்போது மூடிவிடுங்கள். திறந்து விட்டுப் போய்விட்டால் அடுத்து வரும் ஊர்ப் பெரியவருக்குக் குளிர்ந்த தொட்டிதான் மிஞ்சும். ஊர் நடுவிலுள்ள 'ஓயு' என்ற குளியல் வீட்டில் சூடான தொட்டி, சற்று இதமான தொட்டி என இரண்டு உண்டு. முதல் குளியலுக்கு அதுவே நல்லது.

உள்ளே மெல்ல இறங்கி அசையாமல் உட்காருங்கள். அசைந்தால் உடம்பை ஒட்டிய நீர் விலகிப் புதுச் சூடு வந்து சுடும். மூன்று நிமிடம், வெளியே ஓரத்தில் ஐந்து நிமிடம், மறுபடி மூன்று நிமிடம். துண்டைத் தொட்டிக்குள் விடாதீர்கள்; மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். நீண்ட கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள். சோப்பு நுரை ஒரு சொட்டுக்கூடத் தொட்டியில் விழக்கூடாது. சடக்கென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும், ஆகவே விளிம்பைப் பிடித்து எழுங்கள். மது குடித்திருந்தாலோ வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடோ இறங்க வேண்டாம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவதே சரி. கந்தக வாயு தேங்காமலிருக்கத்தான் கூரையில் திறப்பு வைத்திருக்கிறார்கள். குளிருகிறதென்று ஜன்னலை அடைக்காதீர்கள்.

வெளியேறுமுன் சிறிய துண்டைப் பிழிந்து உடம்பை ஒற்றிக்கொண்டு பிறகே மரத் தரையில் கால் வையுங்கள். ஈரத் தரை வழுக்கும், பலகையும் உளுத்துப்போகும். வந்ததும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

மேட்டிலுள்ள ஓகாமா ஊற்றில் ஊரார் கீரையும் முட்டையும் வேகவைப்பார்கள். கொதிநீர் என்பதால் வெளியாட்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்க்கலாம், உள்ளே போகக்கூடாது.