சாயப்பட்டறையில் அசிட்டிக் ஆசிட்: எங்கே வைப்பது, எப்படி ஊற்றுவது, தெறித்தால் என்ன செய்வது

திருப்பூர், ஈரோடு பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற யாரிடமாவது இங்கே ஆபத்தான கெமிக்கல் எது என்று கேட்டுப் பாருங்கள். காஸ்டிக் சோடா என்பார்கள், பெராக்சைடு என்பார்கள், ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) என்பார்கள். அசிட்டிக் ஆசிடை அந்த வரிசையில் சேர்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. வினிகர்தானே என்கிற நினைப்பு. சமையலுக்கு வாங்கும் வினிகரில் இந்த ஆசிட் 4 முதல் 8 சதவீதம்தான் இருக்கும், மீதியெல்லாம் தண்ணீர். ஸ்டோரில் நிற்கிற கேனில் இருப்பது 99 சதவீதத்துக்கு மேல். அது சதையை வேக வைக்கும், தீயும் பிடிக்கும்.

கேனில் ஒட்டியிருக்கிற லேபிளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். யுஎன் 2789 என்ற எண்ணும் (ஆபத்தான பொருள்களை அடையாளம் காட்டும் சர்வதேச எண்), சாய்ந்த சதுரத்தில் இரண்டு படங்களும் இருக்கும். ஒன்று அரிக்கும் பொருள் என்பதற்கு, அதாவது 8ஆம் வகுப்பு. இன்னொன்று தீப்பற்றும் திரவம் என்பதற்கு, 3ஆம் வகுப்பு. இந்த இரண்டாவது படத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. இதன் ஃப்ளாஷ் பாயிண்ட் சுமார் 39 டிகிரி செல்சியஸ், அதாவது அந்தச் சூட்டை எட்டிவிட்டால் மேலே கிளம்பும் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட ஷெட்டுக்குள், பாய்லர் பக்கத்துச் சுவர் ஓரம் 39 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. காற்றில் இந்த ஆவி 4 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 20 சதவீதம் வரை கலந்திருந்தால் எரியும். காற்றைவிட இரண்டு மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, கழிவுநீர் ஓடும் சாக்கடைப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால் ஆசிட் வைத்திருக்கிற இடத்தில் மேலே ஜன்னல் வைத்தால் மட்டும் போதாது, தரை மட்டத்திலும் காற்று வெளியே போக வழி வேண்டும். பக்கத்தில் வெல்டிங் வேலை நடக்கக் கூடாது, பீடி சிகரெட் கூடாது, மோட்டார் ஸ்விட்சும் அங்கே வேண்டாம்.

எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் பெரிய கேள்வி

ஆசிட் தனியாக நிற்கும்போது இருக்கிற ஆபத்தைவிட, அதன் அண்டை வீட்டுக்காரர்களால் வரும் ஆபத்து பெரிது. சாயப்பட்டறை ஸ்டோரில் இருக்கிற பாதிப் பொருள்கள் இதற்குப் பகை.

முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு. பிளீச்சிங் முடிந்த பிறகு மெஷினுக்குள் ஆசிட் விட்டு நியூட்ரலைஸ் செய்கிறோமே, ஒன்றும் ஆவதில்லையே என்று கேட்பார்கள். மெஷினில் இரண்டும் ஏராளமான தண்ணீரில் கரைந்து கிடக்கின்றன, அது வேறு. ஸ்டோரில் 50 சதவீதப் பெராக்சைடும் 99 சதவீத ஆசிடும் சேர்ந்தால் பெர்அசிட்டிக் ஆசிட் உருவாகும். அடர்த்தியான அந்தக் கலவை சூடானாலோ அதில் அழுக்கு, துரு சேர்ந்தாலோ வெடிக்கவே செய்யும். ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவே சுவர் இருக்க வேண்டும், கசிந்தால் போய்ச் சேரும் குழியும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

பிளீச்சிங்குக்கு வைத்திருக்கும் ஹைப்போகுளோரைட்டில் பட்டால் குளோரின் வாயு வரும். ஹைட்ரோஸில் பட்டால் கந்தக டை ஆக்சைடு வரும், மூச்சுக் குழல் அடைத்துக்கொள்ளும். காஸ்டிக்கோடு சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது சோடியம் சல்பைடுக்கு. சல்ஃபர் பிளாக் என்ற கறுப்புச் சாயம் போடுகிற பட்டறைகளில் அது மூட்டை மூட்டையாக இருக்கும். அதன்மேல் ஆசிட் பட்டால் வருவது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை அடிக்குமே அதுதான். அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த வாடையே தெரியாது, வாடை போய்விட்டது என்று உள்ளே நடக்கிறவர் அங்கேயே விழுவார், தூக்கப் போகிறவரும் பக்கத்தில் விழுவார். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒவ்வொரு ஹெல்பருக்கும் சொல்லித்தர வேண்டும், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவருடைய மொழியிலேயே.

ஸ்டோரைப் பிரித்துவிட்டாலும் ஆசிடும் இந்தப் பொருள்களும் சேர இன்னொரு வழி இருக்கிறது. அது மக்கு. எல்லாப் பட்டறையிலும் டிரம் மேல் ஒரு பிளாஸ்டிக் மக்கு கவிழ்த்து வைத்திருப்பார்கள். காலையில் பெராக்சைடு மொண்டது, மதியம் ஹைப்போகுளோரைட் மொண்டது, சாயங்காலம் ஆசிடுக்கு வரும், அடியில் ஒரு விரற்கடை பழைய திரவம் கிடக்கும். ஆசிடுக்கு என்று ஒரே ஒரு நிறத்தில் மக்கும் வாளியும் வாங்குங்கள், அந்த நிறம் பட்டறையில் வேறு எதற்கும் இருக்கக் கூடாது. கூலிங் வாட்டர் வாளியாகக் கிடக்கிற தகர வாளி வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பூச்சையும் இரும்பையும் ஆசிட் அரித்து ஹைட்ரஜனை வெளியே விடும், அது ஆவியைவிடச் சுலபமாகத் தீப்பிடிக்கும். எச்டிபிஈ பிளாஸ்டிக், அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இதுதான் சரி.

99 சதவீதத்தை மெஷின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்

என்னைக் கேட்டால் பாதி விபத்துக்கான வாய்ப்பை இந்த ஒரு ஏற்பாடே குறைத்துவிடும். பயிற்சி பெற்ற ஒருவர், ஒரே இடத்தில், காலையில் அன்றைக்கு வேண்டிய ஆசிடை நீர்க்க வைத்துவிட வேண்டும். நாலு பங்கு தண்ணீரை டேங்கில் முதலில் நிரப்பி, அதில் ஒரு பங்கு ஆசிடை மெதுவாக விட்டால் சுமார் 20 சதவீதம் வரும். மெஷின் ஆட்கள் கைக்குப் போவது இது மட்டும்தான். 80 சதவீதத்துக்குக் கீழே வந்தாலே அது தீப்பற்றும் திரவம் என்ற வகையில் சேராது; 20 சதவீதம் கையில் பட்டால் எரிச்சல் இருக்கும், கண்ணில் பட்டால் ஆபத்துதான், ஆனால் 99 செய்கிற சேதம் அதனால் ஆகாது. ரெசிபியில் 1 லிட்டர் என்று இருந்த இடத்தில் 5 லிட்டர் என்று மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. டையிங் மாஸ்டர் ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்தால் எல்லா ரெசிபி கார்டையும் மாற்றிவிடலாம். டேங்கில் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் கலந்தது என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் ஷிஃப்ட் மாறும்போது யாராவது பழைய கணக்கில் ஊற்றி பிஎச் கெட்டு, சாயம் சரியாக ஏறாமல், மறுபடியும் கேனையே மெஷின் ஓரம் கொண்டுபோகச் சொல்வார்கள்.

கேனிலிருந்து எடுக்கும்போது வாயில் டியூபை வைத்து உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. தயவு செய்து அதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு மடக்கு உள்ளே போனால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும். பாலிப்ரொப்பிலீன் கைப்பம்பு விலை அதிகமில்லை. அல்லது கேனைச் சாய்த்து ஊற்ற ஒரு இரும்பு ஸ்டாண்ட் அடித்து நன்றாகப் பெயிண்ட் பூசி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற கேனுக்குள் அழுத்தம் இருக்கும், மூடியை ஒரேயடியாகத் திருகாமல், முகத்தை விலக்கிக்கொண்டு கொஞ்சம் தளர்த்தி, உஸ் என்ற சத்தம் அடங்கிய பிறகு திறக்க வேண்டும்.

குளிர்காலத்தில் இன்னொரு தொந்தரவு. 16.6 டிகிரிக்குக் கீழே போனால் இது உறைந்துவிடும். லூதியானா, பானிபட் பக்கம் வேலைக்குப் போனவர்களுக்கு இது பழகிய விஷயம். உறைந்த கேனை அடுப்பு, ஸ்டீம் பைப், ஹீட்டர் ராடு எதையும் கொண்டு சூடாக்கக் கூடாது. மூடியைத் தளர்த்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டியில் நிறுத்தினால் தானாக உருகும்.

உடம்பில் போடுவது

மருத்துவமனையில் போடுகிற மெல்லிய லேட்டக்ஸ் கையுறை இந்த ஆசிடுக்கு ஒன்றுமே இல்லை, ஊடுருவி வந்துவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறை சிறந்தது, நியோபிரீன் பரவாயில்லை. பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, அதன்மேல் முகக் கவசம், ரப்பர் ஏப்ரன், கம்பூட். பேன்ட்டை பூட்டுக்குள் விடாமல் வெளியே விடுங்கள், உள்ளே விட்டால் வழிகிற ஆசிட் காலுக்குள் போய் நிற்கும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, ஆசிட் வாயுவுக்கும் ஆர்கானிக் ஆவிக்கும் உரிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் 10 பிபிஎம்தான் (பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு ஆவி) வரம்பு, 50 பிபிஎம் என்றாலே உடனடி ஆபத்து. கண் கரித்து இருமல் வந்தால் பழகிவிடும் என்று நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

சிந்தினால், பட்டால்

கொஞ்சமாகச் சிந்தியிருந்தால் முதலில் ஆட்களை விலக்கிவிட்டு, மணலால் வரப்புக் கட்டி சாக்கடைக்குப் போகாமல் மறியுங்கள். மரத்தூள் போடக் கூடாது, அது எரியும். அப்புறம் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்). சாயம் போடுகிற இடத்தில் சோடா ஆஷுக்கா பஞ்சம்? ஒரு லிட்டர் ஆசிடுக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ பிடிக்கும். ஓரத்திலிருந்து தூவிக்கொண்டே வர வேண்டும், கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக் கிளம்பும், எனவே கதவெல்லாம் திறந்திருக்கட்டும். அவசரத்தில் காஸ்டிக்கை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். நுரை அடங்கிய பிறகு கழுவி இடிபி-க்கு, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, அனுப்புங்கள். பெரிய கசிவோ தீயோ என்றால் வெளியே வந்து 101க்கு அழைத்து, அசிட்டிக் ஆசிட், யுஎன் 2789 என்று சொல்லுங்கள். இந்தத் தீக்குச் சாதாரண ஃபோம் நிற்காது, ஆல்கஹாலைத் தாங்கும் ஃபோம் வேண்டும். சின்னத் தீக்கு டிரை பவுடர் போதும்.

தோலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம். வெட்கப்பட்டுக்கொண்டு துணியோடு நின்றால் அந்தத் துணியே ஆசிடைப் பிடித்து வைத்துக்கொண்டு சுடும். மேலே சோடா பூசுவது, தேங்காய் எண்ணெய், மஞ்சள், பேஸ்ட் எதுவும் வேண்டாம். பட்ட உடனே பெரிதாகத் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும், அதனால் 'ஒன்றும் ஆகவில்லை' என்று ஷிஃப்டைத் தொடர விடாமல் டாக்டரிடம் அனுப்புங்கள். கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து அதே 20 நிமிடம், பிடிக்க இன்னொருவர் வேண்டும், ஏனென்றால் கண் தானாக மூடிக்கொள்ளும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும் வழியில் மறுபடி சுட்டுக்கொண்டு வரும். வாயைக் கொப்பளிக்க வைத்து 108. லேபிளை போட்டோ எடுத்துக் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.

கண் கழுவும் குழாய் பத்து வினாடியில் நடந்து போகிற தூரத்தில், வழியில் துணி மூட்டை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். மொட்டை மாடி டேங்கிலிருந்து வெயிலில் கிடக்கிற பைப் வழியாக வரும் தண்ணீர் மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அதில் கண்ணைக் கழுவ முடியாது. பைப்பை நிழலில் கொண்டுவாருங்கள், வாரம் ஒருமுறை மத்தியானத்தில் திறந்து பாருங்கள்.

காலி கேன், காலி பேரல் விஷயத்தில் கறாராக இருங்கள். காலி பேரலுக்குள் ஆவி இருக்கும், அதைக் கேஸ் கட்டரால் வெட்டப்போனால் வெடிக்கும். மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் இடிபி-யில் சேர்த்து, லேபிளைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்டு, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டும் கொடுங்கள். ஓட்டை போடாமல் விட்டால் அது ஏதோ ஒரு வீட்டு வாசலில் குடிதண்ணீர் பிடித்து வைக்கப் போய்விடும்.