சான்று இல்லாத இடத்தில் 'வேண்டும்' என்று எழுதாதீர்கள்

சிறுநீரக மாற்றுக்குப் பிந்தைய பராமரிப்புக்கு ஒரு வழிகாட்டுதல் வரைவு சென்ற மாதம் என்னிடம் வந்தது. எழுதியவர்கள் இளைஞர்கள். மூன்றாம் பக்கத்திலேயே என் பழைய தவறு அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது. எழுத்துப்பிழை, விடுபட்ட மேற்கோள் எல்லாம் யாராவது பிடித்துவிடுவார்கள். அவற்றை விடுங்கள். யாரும் பிடிக்காமல் விடும் தவறுகள் இவை.

பழக்கத்தை விதியாக்குவது

சிறுநீரக மாற்று செய்தவர்களின் பராமரிப்புக்கு, கேடிஐஜிஓ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பு 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 198 பரிந்துரைகள் உண்டு. உயர்தரச் சான்று கொண்டவை அதில் 2 சதவீதம்தான். அதனால் கால்வாசி இடங்களில் மட்டுமே அழுத்தமாகச் சொன்னார்கள். மற்றவை பெரும்பாலும் 'இப்படிச் செய்யலாம்' என்ற அளவில்தான்.

எங்கள் வழிகாட்டுதலை எழுதிய குழுவில் நாங்கள் அப்படி அடக்கி வாசிக்கவில்லை. டாக்ரோலிமஸ், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் மருந்து; ரத்தத்தில் அதன் அளவை மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று சொல்வோம். 'டாக்ரோலிமஸ் அளவு முதல் ஆண்டில் 8-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்' என்று எழுதினோம். மூத்தவர் ஒருவர், "நாங்க எப்பவும் 8-க்குக் கீழ விடமாட்டோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அவ்வளவுதான் சான்று.

2007-ல் வந்த சிம்பொனி ஆய்வில், சிறுநீரக மாற்று செய்த 1645 பேரில், டாக்ரோலிமஸ் அளவுக்கு 3 முதல் 7 வரை இலக்கு வைத்த பிரிவே நன்றாகத் தேறியது என்று ஒருவர் நினைவூட்டினார். எதிர்பொருள் (பிறர் உறுப்பைத் தாக்க ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் புரதம்) அதிகமுள்ளவர்கள் அதில் இல்லை, நம் நோயாளிகளுக்குப் பொருந்தாது என்று அவர் வாயை அடைத்தோம். பொருந்தாது, சரி. அதற்காக 8 நிரூபணமாகிவிடுமா? இன்றும் எரிச்சல் வருகிறது. அதைவிடக் கொடுமை, 'எதிர்பொருள் உள்ளவர்களுக்கு' என்ற சொல்லையே வாக்கியத்தில் விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒரு நோயாளி. முதல் மாற்று, எதிர்பொருள் இல்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சீராக இருந்தது. அளவு 7.2 வந்ததும் பணியில் இருந்த இளம் மருத்துவர் டோஸை ஏற்றினார். கை நடுங்குகிறது என்று நோயாளி சொன்னது குறிப்பில் இருக்கிறது; இந்த மருந்து கூடினால் அப்படி வரும். மூன்று மாதத்தில் ரத்தத்தில் பிகே வைரஸ் (எதிர்ப்பாற்றல் குறையும்போது தலைதூக்கி மாற்றுச் சிறுநீரகத்தைப் பாதிப்பது), பிறகு பயாப்சி. டோஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால், "ஏன் ஏற்றினீர்கள்?" என்று கேட்டபோது அவர் எங்கள் பக்கத்தையே திறந்து காட்டினார்.

இப்போது 'லாம்' போட்டு எழுதுகிறேன். யாருக்கு, எதை நம்பி, எப்போது மீறலாம் என்பதும் அதே வரியில் வந்துவிடும்: 'எதிர்பொருள் உள்ளவர்களுக்கு 8-க்கு மேல் வைக்கலாம். இது குழுவின் அனுபவம் மட்டுமே. நடுக்கமோ தொற்றோ இருந்தால் குறைக்கலாம்.'

சான்று இல்லை என்று தலைப்பையே விடுவது

மருத்துவர் இரவு இரண்டு மணிக்கு எதையாவது செய்துதான் ஆக வேண்டும். நீங்கள் எழுதாவிட்டால் பக்கத்து அறைக்காரரின் பழக்கம்தான் வழிகாட்டும்.

வாக்கெடுப்பைச் சான்றாக்குவது

பத்துப் பேர் கை தூக்கினால் பத்துக் கைதான்.

நோயாளியைக் கடைசிக் கூட்டத்துக்கு அழைப்பது

முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். கை நடுக்கத்தோடு கையெழுத்துப் போடுவது எப்படி இருக்கும் என்று அவர்தான் சொல்வார்.

மறுபார்வைத் தேதி இல்லாமல் வெளியிடுவது

எங்கள் 8 ஆறு வருடம் அப்படியே இருந்தது.