ஆங்கிலத்தைக் காதால் எழுதாதீர்கள்

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. நோட்டு, பேனா, ஜெராக்ஸ், பிள்ளைகளுக்கு சார்ட் பேப்பர், எல்லாம் உண்டு. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ், அதில் ஆங்கிலத்தில் ஸ்டேஷனரி என்று கொட்டை எழுத்து. கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து 'இ' வர வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டிருக்கிறார்கள். 'ஏ' போட்டால் அதற்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது என்று பொருள், நோட்டு பேனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தத் தவறை எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் பார்க்கலாம், அலுவலகங்களில் போகும் கடிதங்களிலும் பார்க்கலாம்.

இதை மறக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. முன்பு இங்கிலாந்தில் பொருள் விற்பவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராகச் சுற்றி விற்றார்கள், புத்தகம் விற்றவர்களோ ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டார்கள், அதனால் அவர்களுக்கு ஸ்டேஷனர் என்று பெயர் வந்தது. பேக்கர் வைத்திருப்பது பேக்கரி, ஸ்டேஷனர் வைத்திருப்பது ஸ்டேஷனரி. பேக்கரியில் 'இ' வருகிறதல்லவா, இங்கும் அதே 'இ' தான்.

நாம் ஆங்கிலத்தையும் தமிழ் மாதிரியே, காதில் விழுவதை அப்படியே எழுத்தாக்கிவிடலாம் என்று நினைத்து எழுதுகிறோம், பெரும்பாலான பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன. தமிழில் ல, ள, ழ தகராறு உண்டு என்றாலும் எழுதியதைப் படித்தால் ஏறக்குறைய பேச்சு வந்துவிடும். ஆங்கிலம் அப்படி இல்லை. கேக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார், அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது, ஆனால் அதே நூற்றாண்டுகளில் உச்சரிப்பு பெரிய அளவில் மாறிக்கொண்டே இருந்தது. கத்தியைக் குறிக்கும் நைஃப் என்ற சொல்லில் முதலில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லப்பட்டதுதான். வாய் விட்டுவிட்டது, எழுத்து விடவில்லை.

இன்னொரு கூட்டம் ஊமை எழுத்துகள் பிறகு வந்து சேர்ந்தவை. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' கிடையாது, லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று படித்தவர்கள் பின்னால் செருகினார்கள். உங்கள் பையில் இருக்கும் டெபிட் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதே குடும்பம், அங்கே 'பி' நன்றாக ஒலிக்கும். ரிசீட் என்பதில் ஒலிக்காத 'பி'யும் அப்படித்தான் (இது 'பீப்பாய்'க்கு வரும் 'பி'), ரிசெப்ஷன் என்று சொல்லிப் பாருங்கள், கேட்டுவிடும். சைன் என்ற சொல்லில் 'ஜி' எங்கே என்று குழம்பினால் சிக்னேச்சரைக் கேளுங்கள். ஓர் எழுத்து ஊமையாக இருந்தால் அது வாய் திறந்து பேசும் உறவுக்காரச் சொல் ஒன்றைத் தேடுவது, நூறு ஸ்பெல்லிங் மனப்பாடம் செய்வதைவிட நல்ல வழி. எப்போதும் உதவும் என்று சொல்ல மாட்டேன். தீவுக்கு ஐலண்ட் என்று எழுதும்போது நடுவில் வரும் 'எஸ்' தவறான உறவு கற்பித்து வந்தது, பழைய ஆங்கிலச் சொல்லில் அது இல்லவே இல்லை. அதை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் நமக்கென்றே தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் 'இசட்' ஒலி கிடையாது. அதனால் விலைக்கும் பிரைஸ், பரிசுக்கும் பிரைஸ். ஐஸ்கட்டியும் ஐஸ், கண்களும் ஐஸ். ஆங்கிலேயர் காதில் இவை வேறு வேறு சொற்கள், நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன, வாயில் ஒன்றானது கையிலும் ஒன்றாகிவிடுகிறது. தொலைப்பதற்கு லூஸ் எழுத வேண்டிய இடத்தில் தொளதொள சட்டைக்கான இரட்டை 'ஓ' லூஸ் வருவது இதனால்தான். அட்வைஸும் இப்படி மாட்டும் சொல். அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்கு 'சி', அறிவுரை சொல் என்ற வினைக்கு 'எஸ்'. பெயர்ச்சொல்லைப் பன்மையாக்கி அட்வைசஸ் என்றும் எழுத வேண்டாம், அதற்குப் பன்மை இல்லை.

நண்பர் ஒருவரின் தம்பி வேலைக்கு அனுப்பும் முன் ஒரு விண்ணப்பத்தை என்னிடம் காட்டினான். தான் உறுதியான கொள்கைகள் உள்ளவன் என்று எழுத நினைத்து, பிரின்சிபல் என்பதை 'ஏ, எல்' என்று முடித்திருந்தான். அதாவது தன்னிடம் உறுதியான கல்லூரி முதல்வர்கள் பலர் இருப்பதாக எழுதிவிட்டான். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லையே என்றான். எப்படிப் போடும், அதுவும் சரியான சொல்தானே. கல்லூரி முதல்வர், கடனில் அசல், முக்கியமான என்ற அடைமொழி, இவை எல்லாவற்றுக்கும் 'ஏ, எல்'. கொள்கைக்கு மட்டும் 'எல், இ'. ஒலி ஒன்றாக இருக்கும் சொற்களில் ஸ்பெல்செக்கை நம்பிவிடாதீர்கள்.

பிரிட்டன், அமெரிக்கா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எழுத்துமுறை பரவியதில் நோவா வெப்ஸ்டருக்குப் பெரிய பங்கு, 1828இல் வந்த அவர் அகராதியில் கலர் என்ற சொல்லில் 'யு' கிடையாது. இரண்டும் சரிதான், ஒரே கடிதத்தில் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். நம் டிரைவிங் லைசென்ஸில் கடைசி 'இ'க்கு முன்னால் பிரிட்டிஷ் முறைப்படி 'சி' வரும், அமெரிக்காவில் 'எஸ்'. ரியலைஸ் மாதிரிச் சொல்லின் முடிவில் 'ஐஸ்' என்று வருவதை 'இசட்' போட்டு எழுதினால் அமெரிக்கத்தனம் என்று திருத்துகிறவர்கள் உண்டு, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே 'இசட்' தான் போடுகிறது.

நாம் பேசும் ஆங்கிலத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். பிரிபோன் அருமையான சொல், ஒரே சொல்லில் 'தேதியை முன்கூட்டி வை' என்று வேறு எங்கே சொல்ல முடியும், ஆக்ஸ்ஃபோர்டும் அதைச் சேர்த்துக்கொண்டது. கசின் பிரதர் என்பதும் அப்படித்தான், பெரியப்பா மகனை அண்ணன் என்று கூப்பிடும் வீட்டில் வெறும் கசின் எப்படிப் போதும்? நமக்குள் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்பவர் வேறு ஊர்க்காரராக இருக்கும்போதுதான் கவனம் வேண்டும். கல்லூரியில் பாஸ் அவுட் ஆனேன் என்று எழுதினால் அமெரிக்காவில் மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள், கிராஜுவேட் என்று எழுதுங்கள். கூட்டத்தில் ஒரு விஷயத்தை டேபிள் செய்வது என்றால் பிரிட்டனிலும் இங்கேயும் பேச்சுக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது, நேர் எதிர். பிள்ளைகளை அமெரிக்காவில் பள்ளியில் சேர்க்கிறவர்கள் இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள். பென்சில் எழுத்தை அழிக்க ரப்பர் கேட்கக் கூடாது, அங்கே அது ஆணுறை. இரேசர் என்று கேட்கச் சொல்லுங்கள்.