இளங்குதிரையை வளர்த்துப் பழக்குதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வயது நிறைந்த குதிரைக்குட்டி பார்வைக்கு வளர்ந்த குதிரையைப் போலவே தோன்றும். அந்த வயதிலேயே அது தன் முழு உயரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. ஆனால் எடை மூன்றில் இரண்டு பங்கு அளவில்தான் இருக்கும். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிக் குருத்தெலும்புகளும் முற்றியிருக்காது. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பில் அவை முற்றுவதற்கு இரண்டரை ஆண்டுகள் வரை ஆகும். முதுகெலும்பில் ஐந்து, ஆறு வயது வரைகூட ஆகும். உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு, இது வேலைக்குத் தயாராகிவிட்டது என்று முடிவுசெய்பவர்களால்தான் பல நல்ல குதிரைகள் இளமையிலேயே கால் நொண்டவும் முதுகு வலியால் முரண்டுபிடிக்கவும் தொடங்குகின்றன. ஆகவே, கீழே சொல்லப்படும் எல்லாவற்றையும் அவசரமின்றிச் செய்ய வேண்டும்.

வாங்கும் முன்

வாழ்க்கையில் வாங்கும் முதல் குதிரை இளங்குதிரையாக இருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. "இரண்டு பேரும் சேர்ந்தே கற்றுக்கொள்வோம்" என்று பலர் ஆசையோடு சொல்கிறார்கள். ஆனால் குதிரை மிரளும் நேரத்தில், பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவருக்காவது அடுத்து என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். வயதான, நன்கு பழகிய குதிரைகளோடு ஓரிரு ஆண்டுகளாவது இருந்து, அவற்றைப் பிடிக்கவும் நடத்தவும் குளம்பு சுத்தம் செய்யவும் சவாரி செய்யவும் பழகிய பிறகு இளங்குதிரையை வாங்குவதே நல்லது. அதன் பின்னரும், வாரம் ஒரு முறையாவது வந்து உங்கள் கைவேலையைப் பார்த்துத் திருத்தக்கூடிய அனுபவசாலி ஒருவர் இருந்தாக வேண்டும்.

குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாத வயதில் நடக்கும். அதற்கு முன் வாங்காதீர்கள். பார்க்கப் போகும்போது, ஏற்கெனவே தலைக்கயிறு மாட்டிக் கட்டி வைத்திருக்கும் குட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. அதை வெளியில் விட்டுப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு கால்களையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கூடுமானால் தாய்க்குதிரையின் சுபாவத்தையும் கவனியுங்கள். நிறத்தையும் பிடரியின் அழகையும் விட, புதிய ஆளைக் கண்டு முதலில் திடுக்கிட்டாலும் சற்று நேரத்தில் தானே நிதானத்துக்கு வரும் குட்டிதான் புதியவருக்கு ஏற்றது. விற்பவரோடு தொடர்பில்லாத கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துவந்து கண், இதயம், பல், கால், தொப்புள் ஆகியவற்றைச் சோதிக்கச் செய்த பிறகே பணம் கொடுங்கள்.

ஆண்குட்டியாக இருந்து, அதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லையென்றால், எப்போது காயடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொலிக்குதிரையைக் கையாள்வது அனுபவம் மிகுந்தவர்களின் வேலை.

இருப்பிடமும் தீவனமும்

குதிரை தனியாக வாழும் விலங்கன்று. தனியாக அடைபட்ட குட்டி பதற்றத்தோடு வளரும், அல்லது மனிதரையே இன்னொரு குட்டியாக எண்ணி முட்டிக் கடித்து விளையாடும். தன் வயதொத்த ஒரு துணையும், நிதானமான பெரிய குதிரை ஒன்றும் உடன் இருப்பது மிகச் சிறந்தது. அத்துமீறும் குட்டியைப் பெரிய குதிரை காதை மடக்கி ஒரே பார்வையில் ஒதுங்க வைத்துவிடும். நாம் வாரக்கணக்கில் சொல்லித் தருவதை அது ஒரு நாளில் கற்றுக்கொடுத்துவிடும். மேலும், ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தாக வேண்டும். காவலுக்கு ஒரு துணை இருந்தால்தான் அது நிம்மதியாகப் படுக்கும். பகலில் பெரும்பகுதி ஓடியாட இடம் வேண்டும். ஓடினால்தான் எலும்பும் தசைநாரும் உறுதிப்படும். வேலி நன்றாகக் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். முள்கம்பி எக்காரணத்தைக் கொண்டும் கூடாது.

குதிரையின் இரைப்பை அதன் உடல் அளவோடு பார்க்கும்போது மிகச் சிறியது. இரைப்பை அமிலமோ நாள் முழுதும் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் மென்றுகொண்டிருப்பதற்கு ஏற்றபடி, உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை உலர் புல்லோ மேய்ச்சலோ கிடைக்க வேண்டும். குட்டி சீக்கிரம் வளர வேண்டும் என்று தானியத்தை அள்ளிக் கொட்டுவது பெருந்தவறு. மிதமிஞ்சிய சத்தும் தாதுச் சமநிலைக் குறைவும் மூட்டுக் கோளாறுகளுக்கு வழிவகுக்கும். வளரும் குட்டியின் தீவனத்தில் பாஸ்பரஸை விடக் கால்சியம் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம் என்பதால், தவிட்டை முதன்மைத் தீவனமாக்கக் கூடாது. உப்புக்கட்டியும் தூய நீரும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால், ஒரு வாரம் பத்து நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. எனவே கோலிக் எனப்படும் வயிற்றுவலி அதற்கு உயிராபத்தாகலாம். விலாப்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, திரும்பத் திரும்ப உருளுவது, சாணம் போடாமல் இருப்பது ஆகிய அறிகுறிகள் தெரிந்தால், தீவனத்தை அகற்றிவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். ஆரோக்கியமான நாட்களிலேயே உங்கள் குட்டியின் நாடித்துடிப்பையும் வெப்பநிலையையும் எடுத்துக் குறித்து வைத்திருந்தால், அவசர வேளையில் மருத்துவருக்குச் சொல்லத் தெரியும். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை நாடித்துடிப்பும், 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை உடல் வெப்பமும் இயல்பு. குட்டிகளுக்குத் துடிப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கும். குளம்புகளை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை தேர்ந்தவரைக் கொண்டு செதுக்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். குடற்புழு மருந்தைச் சாணப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் முறைப்படி கொடுங்கள்.

குதிரை எப்படிக் கற்கிறது

கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், குதிரைக்குத் தன்னைச் சுற்றிப் பெரும்பகுதி தெரியும். நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் தெரியாது. அந்த இரண்டு இடங்களிலிருந்தும் சத்தமின்றி நெருங்குபவரை அது பகையாகவே எண்ணும். எப்போதும் தோள்பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்குங்கள். ஆபத்து என்று தோன்றினால் முதலில் ஓடுவதும் பிறகு யோசிப்பதும் அதன் இயற்கை. அப்படி ஓடுவதற்காக அதைத் தண்டிப்பது அச்சத்தின் மேல் அச்சத்தை ஏற்றுவதாகவே முடியும்.

புதியவர்கள் அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நாம் கொடுக்கும் அழுத்தத்திலிருந்து குதிரை கற்பதில்லை. அந்த அழுத்தம் நீங்கும் கணத்திலிருந்துதான் கற்கிறது. கயிற்றை இழுப்பதும் விலாவில் விரலை வைப்பதும் வெறும் கேள்விதான். சரியான விடை கிடைத்த உடனே அழுத்தத்தை விலக்குவதே பாராட்டு. இரண்டு மூன்று நொடிகள் தாமதித்து விலக்கினால், அதற்குள் குதிரை வேறு எதையாவது செய்திருக்கும். அதுவே அதற்குப் பாடமாகிவிடும்.

நடத்திச் செல்லப் பழக்குவதை எடுத்துக்கொள்வோம். குட்டியின் இடது தோள் அருகே, அது பார்க்கும் திசையிலேயே பார்த்தபடி நிற்கிறீர்கள். கயிற்றில் மெல்ல, ஆனால் சீராக முன்னோக்கி அழுத்தம் கொடுக்கிறீர்கள். குட்டி முதலில் கழுத்தை நீட்டும், கால்களை ஊன்றிக்கொள்ளும், தலையை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுக்கும். இந்த நேரத்தில் வெடுக்கென்று இழுக்கவும் கூடாது, கயிற்றைத் தளர்த்தவும் கூடாது. அதே அழுத்தத்தில் பொறுத்திருங்கள். சற்று நேரத்தில் அதன் எடை முன்பக்கம் சாயும். ஒரு முன்கால் தரையிலிருந்து எழுவதற்கு முன்பே, தோள்தசை அசைவதில் அது தெரியும். அந்த அசைவைக் கண்டதும் கையைத் தளர்த்திவிடுங்கள், கழுத்தடியில் சொறிந்துகொடுங்கள், சற்று நிறுத்துங்கள். அடுத்த முறை அது விரைவாகச் சாயும். பின்னர் ஒரு அடி வைக்கும். பிறகு மூன்று அடி. இதையே வலப்பக்கத்திலிருந்தும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். ஒரு பக்கத்தில் கற்றதை மறுபக்கத்திலும் தானாகவே செய்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடம்பிடிக்கும் குட்டியோடு இழுபறிப் போட்டியில் இறங்கினால் தோற்பது நாம்தான். நேராக முன்னே வர மறுத்தால், தலையைப் பக்கவாட்டில் சற்றுத் திருப்புங்கள். ஊன்றிய கால்களை நகர்த்தாமல் அதனால் நிற்க முடியாது. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். கையுறை, கெட்டியான காலணி, தலைக்கவசம் ஆகிய மூன்றும் தரையில் நின்று பழக்கும்போதும் வேண்டும்.

கால் தூக்கவும் இதே முறைதான். தோளிலிருந்து தொடங்கிக் கையைக் காலின் வழியே கீழே வழித்துக்கொண்டு போய், குளம்புக்கு மேலே நிறுத்துங்கள். குட்டி எடையை மறுகாலுக்கு மாற்றினாலே முதல் நாளுக்குப் போதும். காலைப் பிடித்திருக்கும்போது அது உதறினால், முடிந்தவரை கையோடு கூடவே போய், உதறல் நின்ற பிறகு நீங்களாகவே காலைக் கீழே வையுங்கள். உதறியதால்தான் விடுபட்டோம் என்று அது கற்றுவிட்டால், லாடம் அடிக்க வருபவர் பாடு பெரும்பாடாகிவிடும்.

குட்டியிடம் காட்டும் செல்லத்திலும் எல்லை வேண்டும். இன்று உங்கள் சட்டையைக் கவ்வி இழுப்பது கொஞ்சத்தக்கதாகத் தோன்றும். நாளை அதையே 450 கிலோ எடையுள்ள குதிரை செய்யும். கையால் தின்பண்டம் ஊட்டுவதைத் தவிர்த்து, பாத்திரத்தில் போட்டுக் கொடுங்கள். உங்களைச் சுற்றி ஒரு கை நீள இடத்துக்குள் அழைப்பின்றி அது நுழையக் கூடாது. நுழைந்தால் ஒவ்வொரு முறையும் பின்னுக்கு நகர்த்துங்கள். இன்று அனுமதித்து நாளை அடிப்பதைவிடக் குதிரையைக் குழப்புவது வேறு எதுவும் இல்லை.

முதல் மூன்று ஆண்டுகள்

ஓராண்டுக் குட்டிக்கு ஒரு நாளில் பத்துப் பதினைந்து நிமிடப் பாடம் போதும். வாரத்தில் சில நாட்கள் பாடமே இல்லாமல் இருந்தாலும் அது கற்றதை மறந்துவிடாது. நன்றாகச் செய்ததும் அத்தோடு நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு முறை" என்ற ஆசையில்தான் நல்ல பாடங்கள் கெட்டுப்போகின்றன.

கட்டிவைக்கப் பழக்குவதற்கு முன், தலைக்கயிற்றின் அழுத்தத்துக்கு இணங்கி முன்னே வர அது கற்றிருக்க வேண்டும். தோள் உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சில், அறுந்துவிடக்கூடிய மெல்லிய சரடு ஒன்றை இடையில் வைத்துக் கட்டுங்கள், அருகிலேயே நில்லுங்கள். கடிவாள வாரில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

இரண்டாம் வயதில் பெரிய குதிரை ஒன்றின் துணையோடு வெளியில் நடத்திச் செல்வது மிகவும் பயனுள்ளது. வண்டிச் சத்தம், தேங்கிய நீர், படபடக்கும் துணி, குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டியின் சாய்தளம் எல்லாவற்றையும் அது பார்த்துப் பழகட்டும். மிரண்டால் அதைப் பொருளின் அருகே இழுத்துச் செல்லாதீர்கள். அது நிம்மதியாக நிற்கக்கூடிய தொலைவில் நிறுத்தி, தானாகத் தலையைத் தாழ்த்தி மூச்சு விடும் வரை காத்திருந்து, பிறகு திரும்பிவிடுங்கள். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட வைப்பதைப் பலர் மிகச் சீக்கிரம் தொடங்குகிறார்கள். சிறிய வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓடுவது முற்றாத மூட்டுகளுக்குக் கேடு. செய்வதானால் வட்டம் பெரிதாகவும் நேரம் மிகக் குறைவாகவும் இருக்கட்டும்.

சேணமும் முதல் சவாரியும்

இரண்டரை வயது முதல் நாலரை வயது வரை முன்பற்கள் விழுந்து முளைக்கும் காலம். கடிவாளம் மாட்டும் முன் பல்லைச் சோதிக்கச் செய்யுங்கள். கடைவாய்ப் பற்களுக்கு முன்னே முளைக்கும் சிறிய ஓநாய்ப் பல் இருந்தால், கடிவாளம் அதில் இடித்து வலிக்கக்கூடும். தலையை உதறும் குதிரையை முரடு என்று முடிவுகட்டும் முன் அதன் வாயைப் பாருங்கள்.

சேணத்தை முதலில் முகர்ந்து பார்க்க விடுங்கள். பிறகு வெறும் துணி, பின்னர் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, அதன் பிறகு அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) இல்லாத சேணம் என்று சில வாரங்களில் படிப்படியாகச் செல்லலாம். வயிற்று வாரை ஒரே மூச்சில் இறுக்காமல், ஒரு துளை இறுக்கி, சில அடிகள் நடத்தி, மீண்டும் ஒரு துளை இறுக்குங்கள். மூன்று வயதுக்குப் பின், மருத்துவரும் சம்மதித்த பிறகு, எடை குறைந்த அனுபவசாலி ஒருவர் முதலில் ஏறட்டும். தரையில் நின்று பிடித்திருப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். முதலில் வயிற்றுப்புறமாகக் குறுக்கே சாய்ந்து எடையை உணர்த்திவிட்டு இறங்க வேண்டும். அது அசையாமல் நிற்கப் பழகிய பிறகே கால் போட்டு அமர வேண்டும். வளர்ந்த குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்துத் தன் எடையில் 20 விழுக்காடு வரை சுமை ஏற்றலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இளங்குதிரைக்கு அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

முதல் சில வாரச் சவாரிகள் பத்து நிமிடங்களைத் தாண்ட வேண்டாம். நடை, நிறுத்தம், இருபுறமும் திரும்புதல் ஆகியவை போதும். அதன் பின் குதிரையை ஓரிரு மாதங்கள் மேய்ச்சலில் விட்டு, மீண்டும் தரைப்பாடத்திலிருந்து தொடங்குங்கள். அந்த இடைவெளியில் உடல் வளர்ந்து முதுகின் வடிவம் மாறியிருக்கும் என்பதால், மறுபடி ஏறும் முன் சேணம் பொருந்துகிறதா என்பதையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.